சிரிப்புக்கு ஒரு நொடி முன்

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்கும் மகளுக்கும் ஆகாது. குளியலறைக்குப் போக அந்தச் சுவரைத்தான் கடக்க வேண்டும். கடக்கும்போது உள்ளங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுவாள். ஒருமுறை அப்படி ஓடிக் கதவு நிலையில் முட்டி நெற்றி புடைத்துக்கொண்டது. அன்றைக்கும் அழுதுகொண்டே சொன்னது ஒன்றுதான்: "அந்த அம்மா முறைக்கிறாங்க."

படத்தில் இருந்தவள் அவளைப் பெற்றவள். மகள் நடை பழகுவதற்குள் நோய் கொண்டுபோய்விட்டது. அதனால் மகளுக்கு அம்மா என்றால் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் சாம்பல் நிற முகம்தான். வேறு ஞாபகம் எதுவும் கிடையாது.

அப்பாவான அவன் படத்தைக் கழற்றவும் இல்லை, மகளைத் தேற்றவும் இல்லை. மனைவி போனதிலிருந்தே அவன் அப்படித்தான். தட்டில் போட்டால் சாப்பிடுவான். வேலைக்குப் போவான். மகளுக்குத் தலை வாரிவிடுவான். வகிடு மட்டும் நேராக வராது. கேட்டதற்குப் பதில் சொல்வான். கேட்காததைச் சொல்ல மாட்டான்.

அன்று காலை தலை வாரும்போது மகள் ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் அவங்கவங்க அம்மா போட்டோ கொண்டு வரணுமாம். எல்லாருக்கும் காட்டிட்டு அம்மாவப் பத்திப் பேசணுமாம்."

"சரி."

"மிஸ் என்கிட்ட மட்டும் தனியா வந்து, நீ யாரு போட்டோ வேணும்னாலும் கொண்டு வாம்மான்னாங்க. நான் சித்தி போட்டோ எடுத்துட்டுப் போறேன்."

சீப்பு பாதி வகிட்டில் நின்றது.

"சித்தி சித்திதானே?"

"சித்தி சிரிக்கிறாங்க. அந்த அம்மா வேண்டாம். எல்லாரும் பயந்துடுவாங்க."

சொல்லிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாரச் சொல்லி ஆட்டினாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

சித்தி என்பது மனைவியின் தங்கை. மாடி வீட்டில் புருஷனோடு குடியிருந்தாள். பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் தன் வாயைத் திறப்பாள். சேதி காதில் விழுந்ததும் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அத்தான், எனக்கு அந்தப் பதவி வேண்டாம்."

"எந்தப் பதவி?"

"அம்மா பதவி. நான் சித்தி. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. திட்டலாம், மிட்டாய் வாங்கித் தரலாம், பல்லு சொத்தையானா நானே புடுங்கலாம். ஆனா வெள்ளிக்கிழமை இவ என் படத்தத் தூக்கிட்டுப் போய் எல்லார் முன்னாடியும் அம்மான்னு சொல்லிட்டான்னா, அது அப்படியே ஒட்டிக்கும். அப்புறம் உரிச்சு எடுக்க முடியாது. எங்கக்கா எங்க போவா?"

அவன் சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவினான்.

"இப்படியே கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்காதீங்க. போட்டோ வேலைதானே பாக்கறீங்க? ஊர்ல இருக்கறவன் தொப்பையெல்லாம் கரைக்கிறீங்க. எங்கக்கா மூஞ்சிய இந்தப் பொண்ணு ஒரு தடவையாவது நேரா பாக்கற மாதிரி பண்ண முடியாதா?"

மகள் அதற்குள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கூடத்தைக் கடக்கும்போது கண்ணை மறைத்த கை இன்னும் இறங்கவில்லை.

அவன் வேலை பார்த்த ஸ்டூடியோ கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்னால் படம் எடுக்கும் அறை. பின்னால் மின்விசிறிச் சத்தத்தோடு இரண்டு கணினிகள். பின்னறை அவனுடையது.

அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு பட்டன் உண்டு. கல்யாணப் படங்களுக்கு ஒன்று, குழந்தைப் படங்களுக்கு ஒன்று. இறந்தவர்களின் படங்களுக்கு இருப்பதன் பெயர் 'அமைதி'. அதை அழுத்துவதற்கு முன் கையால் செய்ய வேண்டிய வேலை இரண்டு. முதலில் வெட்டு: தோளுக்கு மேலே, போனவர் மட்டும், பக்கத்தில் யார் நின்றிருந்தாலும் வெளியே. அடுத்து சுத்தம்: கண்ணுக்குக் கீழே இருக்கும் கோடுகளையும் சுருக்கங்களையும் துடைப்பது. பிறகு 'அமைதி'யை அழுத்தினால் வண்ணம் வடியும், நீலம் ஏறும், ஓரங்கள் இருளும், பின்னணி புகையாகும். யாராக இருந்தாலும் ஒரே அமைதி.

"ஒரு தடவ ஆள் மாறிப் போச்சு," என்று முதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். "கல்யாண ஜோடிக்கு அமைதியப் போட்டு அனுப்பிட்டோம். பதறிப்போய் ஃபோன் பண்ணினா, மாப்பிள்ளை, 'பரவாயில்ல சார், இதுதான் நிஜமா இருக்கு'ங்கறான்."

மனைவியின் படத்துக்கும் அவன்தான் 'அமைதி' போட்டான். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்த அன்று, யாரோ படம் வேண்டும் என்று கேட்டார்கள். அவன் எழுந்து கடைக்கு வந்தான். கை வழக்கம்போல் வெட்டியது, துடைத்தது, அழுத்தியது. கண் எதையும் பார்க்கவில்லை. மற்ற வாடிக்கையாளர்களுக்குச் செய்வதுபோலவே செய்து, உறையில் போட்டு, வீட்டுக்கு எடுத்துப் போனான்.

இப்போது அந்தக் கோப்பைத் திறந்தான். இறுகிய உதடு. இருண்ட கண்குழி. நெற்றியில் நீலம். பெற்ற பிள்ளை ஓடியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? இப்பதான் புதுசா வந்திருக்கே, சிரிப்பு ஸ்லைடர். நாலு புள்ளி தள்ளு. வாய் தானா விரியும். போன மாசம் ஒரு தலைமையாசிரியரையே சிரிக்க வெச்சோமே, அவர் சம்சாரமே நம்பலயே!"

அவன் தள்ளினான். உதட்டு ஓரங்கள் மேலே ஏறின. கன்னம் உப்பியது. அவனுக்கு ஏதோ நெருடியது, என்னவென்று பிடிபடவில்லை. அச்செடுத்து எடுத்துப் போனான்.

மகள் விரலிடுக்கில் பார்த்தாள். ஓடவில்லை. அருகில் வந்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"இது யாரு?"

"அம்மா."

"இல்ல. பேங்க்ல டோக்கன் குடுக்கற ஆன்ட்டி."

சித்தி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அத்தான், எங்கக்கா வாய எதுக்குத் தொட்டீங்க?"

"சிரிக்கட்டும்னு."

"அவ என்னிக்கு வாயால சிரிச்சா? நான் நாள் பூரா வாயப் பாக்கறவ, சொல்றேன். பல்லு தெரிஞ்சா அது சிரிப்பாயிடுமா? வலியில கூடத்தான் பல்லு தெரியும். எங்கக்காவுக்குச் சிரிப்பு முதல்ல இங்க வரும்." தன் கண்ணுக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினாள். "மூணு கோடு விழும். அப்புறம் மூக்கு சுருங்கும். வாய் கடைசியிலதான் தொறக்கும். தொறந்தா மூட மாட்டா." படத்தை அவன் பக்கம் திருப்பினாள். "அந்தக் கோடு எங்க?"

அவன் பார்த்தான். கண்ணுக்குக் கீழே மெழுகு போல வழவழவென்று இருந்தது.

கோடு போன இடம் அவனுக்குத் தெரியும். துடைத்தது அவன் கைதான்.

"கண்டுபிடிச்சுக் குடுங்க," என்றாள் சித்தி. "இல்லன்னா இந்த பேங்க் ஆன்ட்டிய மறுபடி டோக்கன் குடுக்க அனுப்பிடுங்க."

மறுநாள் முதலாளி சாப்பிடப் போன நேரம். பின்னறை அலமாரியின் அடித்தட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடந்தது. எடுத்துத் தூசி தட்டினான். செருகினான். 'வீடு' என்று ஒரு கோப்புறை. அதன் மேல் கர்சரை வைத்துவிட்டு, மின்விசிறி சுற்றுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திறந்தான்.

அசல் படம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது.

முதலில் கண்ணில் பட்டது முகம் அல்ல. ஒரு மொட்டைத் தலை. மனைவியின் தோளில் கைக்குழந்தை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. அவளுடைய ஒரு கை குழந்தையைத் தாங்கியிருந்தது. இன்னொரு கை குழந்தையின் காதைப் பொத்தியிருந்தது.

போனவர் மட்டும் என்ற விதிப்படி அவன் வெட்டி எறிந்தது இதைத்தான்.

நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். நெஞ்சில் ஏதோ ஒன்று, காய்ந்த குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் சத்தம் வருமே, அதுபோல உறுமியது.

அசலும் அப்படியே மாட்டும்படி இல்லை. மழை மேகம் போட்ட நாளில் எடுத்தது. பின்னால் சன்னல் வெளேரென்று எரிந்தது. அதனால் முகம் இருட்டு. படம் முழுக்க ஒரு குளிர் நீலம். இந்த நிலையிலும் பார்க்கிறவர்களுக்கு அவள் கடுகடுவென்றுதான் தெரிவாள்.

வேலையை ஆரம்பித்தான்.

முதலில் நிறத்தில் சூடு ஏற்றினான். ஏற்றும் வேகத்தில் மனைவி மாம்பழ மஞ்சளானாள். பாதிக்கு இறக்கினான். இன்னும் கொஞ்சம் இறக்கினான். நீலம் விலகி, தோல் தோலாயிற்று. குழந்தையின் காது விளிம்பில் லேசாகச் சிவப்பு வந்தது. அதோடு நிறுத்தினான்.

சன்னலின் வெளிச்சத்தைத் தணித்தான். சன்னலுக்கு வெளியே ஒரு கிளை தெரிந்தது. அப்படி ஒன்று இருந்ததையே அவன் மறந்திருந்தான்.

பிறகு நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கினான். முகத்தில் மட்டும், தூரிகையால், மெதுவாக. கன்னம் வந்தது. மூக்கு வந்தது, மேலே சுருங்கியிருந்தது. கண்குழி வெளுத்தது. அதன் அடியில் மயிரிழை போல ஒரு கோடு எழுந்தது. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே மூன்றாவது.

வலது கை தானாகத் துடைக்கும் கருவிக்குப் போயிற்று. பழக்கதோஷம். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மவுஸிலிருந்து எடுத்தான்.

உதட்டைத் தொடவே இல்லை. அதே உதடு, அதே இறுக்கம். ஆனால் அது இப்போது கோபம் இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு கூட்டத்தையே அடைத்து வைத்து, தாழ்ப்பாள் எகிறாமல் முதுகு கொடுத்து நிற்கிறவளின் உதடு.

முதலாளி பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். குச்சி நின்றது.

"ஏம்ப்பா, உன் வீட்டம்மா இப்ப வெடிச்சிடுவாங்க போல இருக்கே!"

அவன் திரும்பிப் பார்த்தான். முதலாளியின் வாய் காது வரைக்கும் போயிருந்தது. யாரும் அவரைச் சிரிக்கச் சொல்லவில்லை.

"எந்த ஸ்லைடர்?"

"வாய்ல எதுவும் போடலண்ணே. வெளிச்சம் மட்டும்தான்."

"பெருசா போடு. நல்ல பேப்பர்ல போடு. அந்தக் கல்யாண ஆல்பம் காத்திருக்கட்டும். அவங்க இப்பதானே சண்டைய ஆரம்பிச்சிருக்காங்க, அவசரமில்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் கூடத்துப் படத்தைக் கழற்றினான். புதுப் படத்தை ஆணியில் மாட்டவில்லை. தரையில், சுவரோடு சாய்த்து, மகளின் உயரத்துக்கு வைத்தான்.

மகள் பள்ளிப் பையை எறிந்துவிட்டு, உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். பாதி வழியில் விரல்கள் விரிந்தன. கால் வழுக்கி நின்றது.

"இந்த மொட்டை யாரு?"

"நீ."

"நானா?"

"நீதான்."

மகள் தரையில் உட்கார்ந்தாள். கை கண்ணைவிட்டு இறங்கியது அவளுக்கே தெரியவில்லை. மொட்டைத் தலையைத் தொட்டாள். பொத்திய கையைத் தொட்டாள். கை வழியாக ஏறி முகத்துக்கு வந்தாள். அம்மாவும் மகளும் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

மகளின் உதடு இறுகியது. படத்தில் இருப்பதைப் போலவே இறுக்கிப் பார்த்தாள். மூக்கு சுருங்கியது. கண்ணுக்குக் கீழே, அந்தப் பிஞ்சு முகத்தில், கோடு விழுந்தது.

"அப்பா! அம்மா சிரிக்கப் போறாங்க!"

மாடிப்படியில் எதுவோ உருண்டது. சித்தி ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்ப்பா சிரிக்காம இருக்காங்க? ஏன் என் காதப் பொத்தறாங்க?"

அவனுக்குப் பதில் தெரியும். அவனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"நீ பொறந்த புதுசு. ராத்திரியெல்லாம் நீ தூங்க மாட்ட, எங்களையும் தூங்க விடமாட்ட. அன்னிக்குப் பகல்ல எப்படியோ தூங்கிட்ட. உடனே நான் ஸ்டூடியோ கேமராவ எடுத்து, உன்னையும் அம்மாவையும் படம் எடுக்கறேன்னு நின்னேன். உள்ள பாத்தா ஒரே இருட்டு. வெளிச்சம் பத்தல, சன்னல் பக்கம் வான்னேன். வந்தா. அப்பவும் இருட்டு. திரைய விலக்குன்னேன். விலக்கினா. அப்பவும் இருட்டு. மழை மேகம், அதான் இப்படின்னு நானே சொல்லிக்கிட்டு என்னென்னமோ திருகறேன். அம்மா ஒண்ணும் பேசல. என் கையையே பாத்துக்கிட்டு நிக்கறா."

"அப்புறம்?"

"அப்புறம் வெரல்ல என்னமோ தட்டுப்பட்டுச்சு. லென்ஸ் மூடி. நான் மூடியக் கழட்டவே இல்ல."

படியிலிருந்து ஒரு கேவல் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"அத்தான்! நீங்க ஸ்டூடியோக்காரரு!"

"தெரியுது. உங்கக்காவும் அதத்தான் சொல்ல வந்திருப்பா. ஆனா சிரிச்சா பாப்பா முழிச்சிக்கும். அதான் உதட்டக் கடிச்சுக்கிட்டு, அதுக்குக் காதையும் பொத்திக்கிட்டு நிக்கறா. நான் ஒண்ணுமே நடக்காத மாதிரி மூடியக் கழட்டிப் பையில போட்டுட்டு, கிளிக் பண்ணினேன். அதுதான் இந்தப் படம்."

மனைவி போன பிறகு அவன் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. பேசி முடித்தபோது குரல் கரகரத்திருந்தது.

"மறுபடி சொல்லு," என்றாள் மகள்.

சொன்னான். சாப்பிடும்போது ஒருமுறை, பாயில் படுத்தபடி ஒருமுறை. மூடி வரும் இடம் நெருங்கும்போதெல்லாம் மகள் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பெற்றோர் பின்சுவரோரம் நிற்கலாம் என்றார்கள். அவன் நின்றான். பக்கத்தில் சித்தி, மருத்துவமனைச் சீருடையோடு, அரை நாள் லீவு போட்டுவிட்டு. ஒவ்வொரு பிள்ளையாக வந்து படத்தைக் காட்டியது. எங்கம்மா டீச்சர். எங்கம்மா நல்லா சமைப்பாங்க. எங்கம்மா பேரு அம்மா.

மகள் முறை வந்தது. மிஸ் குரலைத் தணித்துக்கொண்டு, "உனக்கு யாரு போட்டோம்மா?" என்றார்.

"எங்கம்மா போட்டோ," என்றாள் மகள், வகுப்பே அதிரும்படி.

பெரிய படம். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். படத்துக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"இது எங்கம்மா. இந்த மொட்டை நானு. எங்கம்மா முறைக்கல. நல்லாப் பாருங்க, இங்க கோடு இருக்கு. எங்கம்மா இப்ப சிரிக்கப் போறாங்க."

முன் வரிசையில் பிள்ளைகள் எழுந்து கழுத்தை நீட்டினார்கள். ஒரு பையன் கேட்டான்.

"எப்ப சிரிப்பாங்க?"

"எங்கப்பா மூடியத் தொறந்ததும்."

"எந்த மூடி?"

படத்துக்குப் பின்னாலிருந்து முழுக் கதையும் வந்தது. சன்னல், திரை, மேகம், ஒன்றும் விடவில்லை. தான் அங்கே விழித்துக்கொண்டு நின்று பார்த்த மாதிரி சொன்னாள். மூடி வந்த இடத்தில் வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்சுவரோரம் நின்ற பெற்றோர் எல்லாம் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்புறம்?" என்றான் அதே பையன்.

"அப்புறம் எங்கம்மா அடக்க முடியாம வெடிச்சுட்டாங்க. நான் முழிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன்."

அந்தக் கடைசித் துண்டை அவன் அவளுக்குச் சொல்லியிருக்கவே இல்லை. ஆனால் நடந்தது அதேதான்.

முதலில் அவன் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். தாழ்ப்பாள் எகிறியது. இத்தனை காலம் உள்ளே எங்கே கிடந்ததோ, வயிற்றிலிருந்து கிளம்பி, சுவரில் முதுகு சரிய, கண்ணில் தண்ணீர் வழிய, அத்தனை பேர் நடுவிலும் அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். சித்தி அவன் முதுகில் தட்டினாள். அவளும் அதே நிலைமையில்தான் இருந்தாள்.

முன்னால் படம் கொஞ்சம் கீழே இறங்கியது. அதன் மேல் விளிம்பில் இரண்டு கண்கள் எட்டிப் பார்த்து அவனை அதட்டின.

"அப்பா! மெதுவா! பாப்பா தூங்குதுல்ல!"

சொன்னவள் ஒரு கையை விடுவித்து, படத்தில் இருந்த மொட்டைத் தலையின் இன்னொரு காதையும் பொத்தினாள்.